ஐந்து பேருக்கு ஏழு கல்

திருப்பூர் நல்லூரில் யாரிடம் வழி கேட்டாலும் பேச்சு கன்னிமார் கோயில் மூலையில்தான் தொடங்கும். "மூலைல எறங்கிக்குங்க, எதுத்தாப்புல பேக்கரி இருக்குதுங்க, அதை ஒட்டுன சந்து" என்பார்கள். டவுன் பஸ் கண்டக்டர் "கன்னிமாரு, கன்னிமாரு" என்று படியில் தட்டுவார். ஸ்டாப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. டீக்கடை அளவுக்குக்கூட வராத கோயில் அது. உள்ளே காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஏழு கல். வாசல் கம்பியில் மஞ்சள் கயிறுகள் புதராக மண்டிக் கிடக்கும். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்கள் கம்பெனி விட்டுப் போகிற வழியில், கழுத்து அட்டையைக் கூடக் கழற்றாமல் வந்து கட்டிவிட்டுப் போகிற கயிறுகள்.

சித்ராதேவி கட்டியதில்லை, கும்பிட்டதும் இல்லை. ஆனால் தினமும் அந்த மூலை நெருங்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். தாண்டியதும் போட்டுக்கொள்வாள். மழையில் சாக்கடை பொங்கி நின்றாலும் அதுதான் நடை.

"ஏனுங்கக்கா, செருப்பைக் கழட்டற மருவாதி எல்லாம் இருக்குது, கையெடுத்துக் கும்படறதுக்குத்தான் கை வலிக்குதாக்கும்?" என்பாள் மயிலாள். ஊத்துக்குளிப் பக்கத்துக்காரி. சித்ராதேவி ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிற அதே லைனில் செக்கிங் பார்க்கிறாள். "அல்லேலூயாவுல சேந்துட்டீங்களா என்னமோ?"

"உன் மகளுக்கும் சேத்து நீ கட்டுத கயிறே அந்தக் கம்பி தாங்காது. இதுல நான் வேற எதுக்கு?"

மயிலாள் சிரித்துக்கொள்வாள், முகம் சிரிக்காது. மகள் தேஜஸ்ரீக்கு வருகிற வரன் எல்லாம் ஜாதகத்தில் முட்டி நின்றுவிடுகிறது. வெள்ளி தவறாமல் கயிறு கட்டுகிறாள். இருவரும் ஒரே கிளாஸ் டீயை ஆற்றிப் பங்கு போட்டுக் குடிக்கிறவர்கள். அந்த மூலையின் கதையை மயிலாளிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று சித்ராதேவிக்குப் பலமுறை நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் டீ ஆறிவிடும், பெல் அடித்துவிடும்.

பேக்கரி நிற்கிற இடத்தில் இருபது வருடத்துக்கு முன் பனியன் கம்பெனி ஒன்று இருந்தது. கோயில் நிற்கிற மூலை அதன் குடோன்.

சங்கரன்கோவில் பக்கமிருந்து ஏஜெண்ட் ஒருவன் வேனில் ஏற்றி வந்து இறக்கிய பெண்களில் சித்ராதேவியும் அவள் தங்கை முத்துப்பேச்சியும் இருந்தார்கள். அக்காளுக்குப் பதினேழு. தங்கைக்குப் பதிமூன்று. வானம் பார்த்த பூமி பொய்த்துவிட்டது, அப்பா இல்லை. அம்மா வெள்ளையம்மாள் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் அக்காள் மிஷினில் உட்கார்ந்தாள். தங்கை கைமடி. வெட்டிய துணியை மடித்து, திருப்பி, தைக்கிறவள் கைக்கு எட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கிற வேலைக்கு அந்தப் பெயர். "என் கைமடிக்கு நான்தான் ஓனர்" என்று சித்ராதேவி சொல்வாள். "அப்பச் சம்பளத்தை நீ குடு" என்பாள் முத்துப்பேச்சி.

பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆள் அனுப்பி ஆடிட் பார்க்கிற வழக்கம் அப்போதுதான் வந்திருந்தது. ஆடிட்டர் கண்ணில் படக் கூடாதவை என்று கம்பெனியில் இரண்டு இருந்தன. ஒன்று, வேலைக்கு வயது வராத பிள்ளைகள். இன்னொன்று, துணியில் கறை எடுக்க அடிக்கிற ஸ்பிரே கேன்கள். மூக்கருகே கொண்டுபோனாலே தலை சுற்றும், தீக்குச்சி காட்டினால் பிடித்துக்கொள்ளும் சமாச்சாரம். இரண்டையும் மூலைக் குடோனில் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆடிட்டர் கார் போனதும் திறப்பார்கள்.

பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமான நாள். வேலை இல்லை. உள்ளே சொட்டாங்கல் ஆடலாம், சத்தம் மட்டும் வரக் கூடாது. கதவு திறந்ததும் ஆளுக்கு ஒரு தேங்காய் பன் கிடைக்கும். 'மூச்சுக் காட்டக் கூடாது, காட்டினால் பன் கிடையாது' என்று பழக்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் பழகியும் இருந்தார்கள்.

அன்றைக்கு ஐந்து பேர் உள்ளே போனார்கள். சாவி ஓனர் சுப்பையன் இடுப்பில் இருந்தது.

ஆடிட்டர் சித்ராதேவியின் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார். கூட வந்தவர் தமிழில் கேட்டார். சொல்லிக் கொடுத்திருந்த பதிலை அவள் சொன்னாள். இங்கே சின்னப் பிள்ளைகள் யாரும் வேலை செய்வதில்லை. பக்கத்தில் கைமடி உட்காரும் ஸ்டூல் காலியாக இருந்தது. அப்போதுதான் ஜன்னல் வழியே குடோன் கூரை மேல் ஒரு கரும்புகை எழும்பியது. பஞ்சுப் புகை லேசில் எழும்பாது, தவழ்ந்துதான் போகும். ஸ்பிரே கேன்கள் பிடித்தால்தான் இப்படி எழும்பும். ஆடிட்டர் பார்த்துவிட்டுச் சுப்பையனிடம் அது என்ன என்று கேட்டார். சுப்பையனும் பார்த்தார். பார்த்துவிட்டு, "வேஸ்ட் எரிக்கிறாங்க" என்றார். இளநீர் சீவச் சொல்லியிருக்கிறேன், குடித்துவிட்டுப் போகலாம் என்று ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினார்.

கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் சாவி இடுப்பை விட்டு வெளியே வந்தது.

உள்ளே யாரும் கத்தவில்லை. கதவில் நகத்தால் சுரண்டிய தடம் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். கடைசிவரை சத்தம் வராமல்தான் சுரண்டியிருக்கிறார்கள்.

வேஸ்ட் குடோனில் தற்செயல் தீ என்று எழுதி முடித்தார்கள். உடல்களை ஐஸ் வைத்துக் கட்டி, அன்றைக்கே வேனில் தெற்கே அனுப்பினார்கள். வெள்ளையம்மாள் முகத்தைத் திறந்து பார்ப்பதற்குள் குழி தயாராக இருந்தது. வழக்கு வேண்டாம், அக்காகாரிக்கு ஆயுசுக்கும் வேலை, குடியிருக்க லைன் வீடு என்று பேசி முடித்தவர்கள் சாதிப் பெரியவர்களும் ஏஜெண்டும். சித்ராதேவியை யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து அதே முதலாளியின் மிஷினில் உட்கார்ந்தாள். அங்கேயே இசக்கிமுத்துவைக் கட்டினாள். அங்கேயே மகனைப் பெற்று பாலிடெக்னிக் வரை கொண்டுவந்துவிட்டாள். தங்கையைத் தின்றவன் வீட்டில் குடியிருக்கிறாள் என்று ஊரில் ஒருத்தி ஜாடையாகப் பாடியதும் அவள் காதுக்கு வந்தது. விட்டு எங்கே போவது? திருப்பூரில் எந்தக் கம்பெனியில்தான் ஆடிட் இல்லை?

கல் நட்டது சுப்பையனின் மனைவி சின்னாத்தாள். மிஷின் தானாக ஓடுகிறது, வாங்கிய ஆர்டர் திரும்புகிறது, படுத்தால் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று அந்த அம்மாள் தூக்கம் கெட்டுத் திரிந்தது உண்மை. ஜோசியர் சொன்னபடி குடோனை இடித்தார்கள். கன்னிமார் என்றால் ஏழு பேர்தானே? செத்தது ஐந்து பேர் என்பதற்காகச் சாஸ்திரத்தை மாற்ற முடியுமா? ஏழு கல் நட்டார்கள். கம்பெனி பைபாஸ் பக்கம் பெரிதாகப் போனது. சின்னாத்தாள் செத்தாள். அஸ்திவாரம் தோண்டும்போது ஏழு கல்லும் வரிசையாகக் கிடைத்தன, கனவில் வந்து ஏழு பெண்களும் இடம் கேட்டார்கள் என்று கதை வளர்ந்தது. இப்போது அதை ஃபிளெக்ஸில் அச்சடித்தே மாட்டியிருக்கிறார்கள். கீழே உபயம் என்று சுப்பையன் பெயர்.

இந்த ஆடியில் கோயில் தரையைப் பெயர்த்தார்கள். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, மழைத் தண்ணீர் நேரே கல்லின் காலுக்கே போகிறது. மேடு தூக்கிக் கிரானைட் போடப்போகிறார்கள். சிமெண்டைப் பெயர்த்துப் போட்ட நாளில் சித்ராதேவி செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். இருபது வருடத்தில் முதல்முறையாக அங்கே மண் தெரிந்தது. செம்மண்தான். நடுவே விரற்கடை கனத்துக்குக் கறுப்பாக ஒரு வரி ஓடியது.

போனில் அம்மாவிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஏட்டி, மண்ணு தெரியுதா? நெசமாவா?" வெள்ளையம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "பிடிமண் எடுத்துருட்டி. இதை விட்டா எப்ப?"

அவர்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் செத்த பெண் வீட்டுக்குக் கன்னித் தெய்வமாகிவிடுவாள். ஓலைப்பெட்டியில் பாவாடை, வளையல், ரிப்பன் வைத்து வருடத்துக்கு ஒருமுறை திறந்து புதுசு மாற்றிக் கும்பிடுவார்கள். முத்துப்பேச்சிக்கும் பெட்டி வைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் திறக்கும்போது பாவாடையைப் பூச்சி அரித்திருக்கும். அவள் இன்னும் வீடு வந்து சேரவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி என்று வெள்ளையம்மாள் நம்பினாள். போன கோயில் கொடையில் முத்துப்பேச்சி சித்தி மேல் இறங்கி, 'முக்குல நிக்கேன், கண்ணு எரியுது, கூட்டிட்டுப் போங்க' என்று அழுதாளாம். உயிர் போன இடத்து மண்ணைப் பகலில், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பிடி எடுத்து வர வேண்டும். எடுத்த கையோடு வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெட்டியில் வைக்கிறவரை யாரிடமும் பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. பேசினால் அவள் பாதி வழியில் நின்றுவிடுவாள்.

"மூணு மாசமா எனக்குச் சோறு எறங்கல" என்றாள் வெள்ளையம்மாள். "நான் போறதுக்குள்ள எம்பிள்ளை வீட்டுக்கு வந்துரணும். பன் தாரேன்னு சொல்லித்தான பூட்டுனானுவ... நான் என்னத்தக் கேட்டேன், ஒரு பிடி மண்ணு."

களவாக எடுக்கச் சித்ராதேவிக்கு மனம் ஒப்பவில்லை. இசக்கிமுத்து, "ஒரு பிடி மண்ணுக்கு மனு போடுதவ இந்த ஒலகத்துல நீ ஒருத்திதான்" என்றான். அவளுக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஒருமுறையாவது அந்தப் பெயரை அந்த ஆள் காதில் போட வேண்டும்.

சுப்பையன் ஆபீஸில் இருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, பின்னால் மாலை போட்ட சின்னாத்தாள் படம்.

"வாங்கம்மிணி. ஏன் நின்னுக்கிட்டிருக்கறீங்க, உக்காருங்க. பையன் நல்லாப் படிக்கறானுங்களா?"

"படிக்கான்யா." அவள் உட்காரவில்லை. "கோயில்ல மண்ணு பெயர்த்திருக்கு. ஒரு பிடிமண் வேணும்."

"ஆருக்குங்க?"

"முத்துப்பேச்சிக்கு."

சுப்பையன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை நிதானமாகப் பார்த்தார்.

"அது ஆருங்க அம்மிணி?"

நடிக்கிறாரா, மறந்தே போய்விட்டாரா? அவர் முகத்தில் தேடினாள். ஒன்றும் பிடிபடவில்லை. நடிக்கிறார் என்று தெரிந்தால் கூடத் தேவலை என்றிருந்தது. மறந்துபோயிருந்தால் என்ன செய்வது?

"என் தங்கச்சிய்யா."

"கன்னிமாரு மண்ணு ஊருக்குப் பொதுவுங்க. நாம பாட்டுக்கு ஆளாளுக்கு அள்ளிக் குடுத்தா நாளைக்கு ஊரு கேக்குமில்லீங்க? திருநீறு வாங்கிக்குங்க, எத்தனை வேணும்னாலும். அப்பறம்..." மேஜை மேலிருந்த எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். "ஊடு ஒழுகுதுன்னு சொல்லியுட்டீங்களாமா. எத்தனை வருசமா இருக்கறீங்க அந்த ஊட்ல, ஒரு நோம்பி நொடிக்கு வெள்ளையடிக்கக்கூட நாங் கணக்குப் பாத்ததில்லீங்க. ஆளை அனுப்பறேன். போய் வேலையப் பாருங்க கண்ணு."

ஒரு சுடுசொல் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டுக் கழுத்தை நெரிக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை ஜல்லி கொட்டுகிறார்கள் என்று மேஸ்திரி சொல்லியிருந்தான். மத்தியானம் சாப்பாட்டு பெல் அடித்ததும் சித்ராதேவி டிபன் பாக்ஸைத் திறக்காமல் எழுந்தாள். "எங்கீங்கக்கா இந்த வெயில்ல?" என்று மயிலாள் கேட்டாள். "மூலைக்கு." "கோயிலுக்கா? நீங்களா? இருங்க, மழை வருதான்னு பாத்துக்கறேன்" என்று மயிலாள் சிரித்தபடி பின்னாலேயே வந்தாள்.

கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். பெயர்த்த குழிக்கு இந்தப் பக்கம் கயிறு கட்டி, பூசாரி ஆத்தப்பன் தட்டோடு நின்றார். கம்பெனிப் பெண்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பேக்கரியில் பப்ஸ் தின்றுகொண்டிருந்த இரண்டு வடக்கத்திப் பையன்கள். சித்ராதேவி கயிற்றுக்கு அடியில் குனிந்து குழிக்குள் இறங்கினாள்.

"அம்மிணி, அங்கெல்லாம் எறங்கக் கூடாதுங்க" என்றார் ஆத்தப்பன்.

"ஏட்டி முத்துப்பேச்சி" என்று அவள் கூப்பிட்டாள். இருபது வருடமாக அந்த மூலையில் யாரும் சொல்லாத பெயர். முதல் தடவை குரல் குழிக்குள்ளேயே நின்றுவிட்டது. இரண்டாவது தடவை வந்தது. மூன்றாவது தடவை பஸ் ஹாரனையும் மீறி வந்தது. "ஏட்டி முத்துப்பேச்சி, வாட்டி, ஊருக்குப் போவோம்!"

கூட்டம் திரும்பியது. அவளும் அவர்களைப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. எல்லாரும் இருக்கிறார்கள், பகல் வெளிச்சம் இருக்கிறது, மயிலாள் இருக்கிறாள்.

"இங்கனதான் பூட்டி வச்சிருந்தாங்க" என்றாள். "அஞ்சு பிள்ளையள. கதவைப் பூட்டிட்டாங்க. புகை... கண்ணு எரிஞ்சு, மூச்சு முட்டி... ஒருத்தரும் திறக்கல." உடம்பு ஆடியது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. அங்கே நின்ற பெண்களுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

"ஆத்தா எறங்கிட்டாடியோவ்!" என்று ஒருத்தி கத்தினாள். ஆத்தப்பன் மணியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். தெற்கத்திப் பெண்கள் நாலைந்து பேர் குலவை போட்டார்கள்.

"எனக்குச் சாமி வரல! நான் நெசத்தச் சொல்லுதேன்!"

"எறங்குன சாமி அப்பிடித்தான் சொல்லும்" என்று ஆத்தப்பன் பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கினார். யாரோ ஒரு சொம்பு மஞ்சத்தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். "கண்ணு எரியுதுங்கறா பாருங்க, தெனமும் பேக்கரிக்காரன் மூலைல குப்பையக் கொளுத்தறான், ஆத்தாளுக்குப் பொறுக்குமா?" என்றது ஒரு குரல். பேக்கரிக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கார் வந்து நின்றது. மேடு வேலையைப் பார்க்க வந்த சுப்பையன். கூட்டம் விலகி வழிவிட்டது. அவரைக் கண்டதும் சித்ராதேவிக்கு மிச்சமிருந்த நிதானமும் போனது.

"சாவி உன் இடுப்புலதான இருந்தது? பொகையப் பாத்தியா இல்லையா? வேஸ்ட்டு எரியுதுன்னு சொன்னியே... எம் முத்துப்பேச்சிய வேஸ்ட்டுன்னு சொன்னியேடா!"

மணி நின்றது. ஊர்ப் பெரியவரைச் சாமி 'டா' போட்டிருக்கிறது. எல்லாரும் சுப்பையனைப் பார்த்தார்கள். அவர் முகம் அந்த ஒரு நொடி, துடைத்த கண்ணாடிக்குப் பின்னால், சாம்பல் பூத்தது. சித்ராதேவி அதைப் பார்த்தாள். மறக்கவில்லை. ஒன்றைக்கூட மறக்கவில்லை இந்த ஆள்.

சுப்பையன் துண்டை இடுப்பில் கட்டினார். அத்தனை பேர் முன்னால் குழியோரத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தப்புத்தேன் தாயி! கொரானாவுல ரெண்டு வருசம் நோம்பி இல்லாம உன்னையப் பூட்டிப் போட்டது தப்புத்தேன். சாவி எங்கிட்டத்தான் இருந்துது. குப்பையும் எரிச்சமுங்க, கண்ணுல பாத்துக்கிட்டும் உட்டமுங்க. இனி அந்தத் தப்பு நடக்காது தாயி!"

அழுதார். கண்ணீர் நிஜமாகவே வந்தது. கூட்டம் "ஆமா தாயி, ஆமா தாயி" என்று விழுந்து விழுந்து எழுந்தது. சூடம் எரிந்தது. அவர் எழுந்து, தட்டிலிருந்து திருநீறு எடுத்து, அவள் நெற்றியில் பூசக் குனிந்தார். காதருகில், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "மண்ணை எடுத்துக்கிட்டுப் போயிரு அம்மிணி" என்றார். அந்த ஒரு முறை 'ங்க' இல்லை.

அவள் உட்கார்ந்தாள். கறுப்பு வரி ஓடிய இடத்தில் விரலை விட்டு ஒரு பிடி அள்ளினாள். "வாட்டி" என்றாள் மெதுவாக. முந்தானையில் கொட்டி முடிந்தாள். வாயைக் கட்டிக்கொண்டாள். இனி சங்கரன்கோவில் வரைக்கும் ஒரு சொல் கிடையாது.

குழியை விட்டு ஏறியதும் கூட்டம் மொய்த்தது. எம் மகனுக்கு விசா கிடைக்குமா தாயி, போர்ல தண்ணி வருமா, அவரு குடிய விடுவாரா. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது இன்னும் பெரிய வாக்காகிவிட்டது. "மௌனமா உத்தரவாயிருச்சு" என்றார் ஆத்தப்பன். பின்னால் குழிக்குள் தடதடவென்று ஆட்கள் குதிக்கிற சத்தம் கேட்டது. டிபன் பாக்ஸில், பேக்கரிக் கவரில், துப்பட்டா முனையில் அள்ளுகிறார்கள். பதிமூன்று வயதுப் பிள்ளை இனி நல்லூர்ப் பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பக் கூடாது.

பஸ் ஸ்டாப்பை நெருங்கும்போது பின்னாலிருந்து ஓடிவரும் காலடி கேட்டது. மயிலாள். மூச்சு வாங்க முன்னால் வந்து நின்றாள். சித்ராதேவி அவள் கண்ணைப் பார்த்தாள். முத்துப்பேச்சி ஆருங்கக்கா என்று இவளாவது கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாது, ஆனால் கேட்டால் போதும்.

மயிலாள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். கொதிக்கிற தாரில் மண்டியிட்டு, சித்ராதேவியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ளைக்கு ஒரு வழியச் சொல்லுங்க தாயி" என்றாள்.